விலுன்யாவில் ஆளில்லை

ஜூலை 3, செவ்வாய்

காலையில் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து கிடந்தது. அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் வேலை என்றதும் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இங்கே ஜூலை குளிர்காலம், எட்டு மணிக்கும் விரல் மடங்கவில்லை. இரண்டாவது ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றினேன். கிளினிக்கின் சுடுதண்ணீர்த் தாங்கியில் ஒழுக்கு. அடைத்தேன்.

பத்து மணிபோல நோரீன் பட்டறைக்கு வந்தார். கதவடியில் நின்றாரே தவிர உள்ளே வரவில்லை. இங்கே மூன்று வருடமாகத் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நான்தான் பொறுப்பு. அவருக்கு என் பெயர் குகநேசன் என்று தெரியும். குகா என்றுதான் கூப்பிடுவார். இன்று பெயரே சொல்லவில்லை. இந்த மண்ணின் பழங்குடிச் சனம் ஆங்கிலமும் தங்கள் மொழியும் கலந்து பேசுகிறது. நான் என் வாய்க்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"எங்க எங்கட பம்ப்?"

"அடிலெய்டில இருந்து ஒரு சாமான் வரவேணும், நோரீன்."

"ரெண்டு கிழமை எண்டு சொன்னாய். இப்ப நாலு கிழமை."

"அவங்கள் இன்னும் அனுப்பேல்லை."

"அவங்கள் எண்டா ஆர்?"

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். விலுன்யாக் கிணற்றுப் பம்ப் எனக்குப் பின்னால் நாலு அடி தள்ளி, நீலத் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை.

சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்.

ஜூலை 5, வியாழன்

நோரீனின் ஆட்கள் இருக்கும் வீட்டில் கழிவுக்குழாய் அடைப்பு. மூன்று அறை வீட்டில் பதினாலு பேர் இருந்தால் அடைக்காமல் என்ன செய்யும்?

ஜூலை 8, ஞாயிறு

இன்று வேலை இல்லை. மே மாதம் நடந்ததை எங்கும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

விலுன்யா இங்கிருந்து மேற்கே நூற்றிமுப்பது கிலோமீட்டர், மணல் பாதை. ஐந்து வீடு, பத்தொன்பது பேர், ஒரு குழாய்க்கிணறு. நோரீன் அங்கேதான் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதில் அரசாங்கம் ட்ரக்கில் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. பெரியவர்களான பிறகு, எண்பதுகளில், ஒருவரையும் கேட்காமல் திரும்பிப் போனார்கள். முதல் வருடம் தகரத்தையும் தார்ப்பாயையும் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வீடும் கிணறும் பிறகு சண்டை பிடித்து வாங்கியவை.

இப்போது அரசாங்கத் தண்ணீர்த் துறையில் ஒரு விதி: வருடம் முழுக்க ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் தண்ணீர். மே 24 அன்று துறை அதிகாரியை விலுன்யாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது நான். அன்று அங்கே ஒருவரும் இல்லை. நோரீனின் மச்சான் செத்து, எல்லோரும் தெற்கே நானூறு கிலோமீட்டர் இழவுக்குப் போயிருந்தார்கள். இவர்களுக்கு இழவு ஒருநாள் காரியம் இல்லை. ஒருவர் மிச்சமில்லாமல் போவார்கள், இரண்டு மூன்று கிழமை இருப்பார்கள். அது எனக்குத் தெரியும். துறைக்கும் தெரியும். அந்தத் தேதியை அவர்கள் தற்செயலாகப் பிடித்தார்கள் என்று நம்ப நான் சின்னப் பிள்ளை இல்லை.

அதிகாரி ஐந்து கதவையும் தட்டினார். கொடியில் உடுப்புக் காய்ந்தது. அடுப்படியில் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து இருந்தன. ஒரு சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்கள், கடைசிக் கோட்டில் ஏப்ரல் என்று எழுதி. அதிகாரி படிவத்தில் 'ஆளில்லை' என்று எழுதினார். அடியில் சாட்சிக்கு ஒரு இடம் இருந்தது. பேனையை நீட்டினார். போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கவில்லை.

அடுத்த கிழமை கிரெய்க் போன் எடுத்தான். என் கம்பனி மனேஜர், டவுனில் இருக்கிறவன். "பம்பைக் கழற்று. ஆரும் கேட்டா பழுது எண்டு சொல்லு." கழற்றினேன். இழவு முடிந்து வந்த சனம் வறண்ட குழாயைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே வந்து சொந்தக்காரர் வீடுகளில் அடைந்தார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. எழுதி முடித்தாலும் கோபம் இறங்கவில்லை. சைக்கிள் சங்கிலி கழன்றதற்கு ஒரு பிள்ளையைச் சத்தம் போட்டுவிட்டேன்.

ஜூலை 11, புதன்

கடைக்கு முன்னால் கூட்டம். நோரீனின் தங்கை மேவிஸ் டயாலிசிஸை நிறுத்தப்போகிறாள். மூன்று வருடமாக டவுனில் இருக்கிறாள், அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, கிழமையில் மூன்று நாள் மெஷினோடு. இனிப் போதும் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டாளாம். பத்து நாள், கூடினால் பன்னிரண்டு என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். விலுன்யாவில் சாகவேண்டும் என்கிறாள்.

"அங்க தண்ணியில்லை" என்றான் நோரீனின் தம்பி ரஸ்ஸல். மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்து முதுகு வளைந்த மனிதன், சத்தமாகப் பேசமாட்டான்.

"தண்ணி இல்லாத காலத்திலயும் எங்கட ஆக்கள் அங்கதான் இருந்தவை" என்றார் நோரீன். பிறகு என் பக்கம் திரும்பாமல், எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நாளைக்குப் போறம். சாமான் அடிலெய்டில இருந்து நடந்து வரட்டும்."

ஜூலை 12, வியாழன்

போனார்கள். நாலு வாகனம், மெத்தைகள், நாய்கள், பதினொரு தண்ணீர் ட்ரம். ட்ரம்களை நிரப்பிக் கொடுத்தேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

ஜூலை 14, சனி

அக்கா சாவகச்சேரியில் இருந்து போன் எடுத்தாள். எங்கள் காணியைச் சுற்றியிருந்த முட்கம்பியை ஆமி பின்னுக்குத் தள்ளியிருக்கிறதாம். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் இல்லையாம்.

"நீயும் வந்து நிண்டாத்தான் காணியைப் பதியலாம் தம்பி. அவங்கள் திரும்ப அடைக்கிறதுக்குள்ள வா."

லீவு இல்லை என்றேன்.

"எந்த வருசம்தான் உனக்கு லீவு இருந்தது" என்று வைத்துவிட்டாள்.

உடுப்புத் தோய்த்தேன்.

ஜூலை 16, திங்கள்

தண்ணீர்த் தாங்கி பூட்டின பவுசரை விலுன்யாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், பிறகு போகமுடியாது.

மேவிஸ் சனிக்கிழமை சின்ன விமானத்தில் வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வெளியே வெயிலில் மெத்தை போட்டு, மேற்கே இருக்கிற சிவந்த கல்மலையைப் பார்த்தபடி கிடந்தாள். முகம் வீங்கி, கால் இரண்டும் உருளையாக இருந்தன. நாலு நாய் சுற்றிப் படுத்திருந்தன. கிளினிக் தாதி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள்.

பவுசர்த் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "இது டவுன் நீச்சல் தடாகம். மூண்டு வருசம் இதைத்தான் குடிச்சனான்."

பிறகு என்னைக் கண்டுவிட்டாள். "ஆர் உது?"

"தண்ணிக்காரன்" என்றார் நோரீன்.

"தண்ணியில்லாத தண்ணிக்காரனோ. உன்ர இடம் எங்க?"

சொன்னேன். கடற்கரைப் பக்கம், ஒரு தீவில்.

"இப்ப அங்க ஆர் இருக்கினம்?"

"ஆமி இருந்தது. இப்பதான் விட்டிருக்கிறாங்களாம்."

"பிறகு ஏன் இஞ்ச நிக்கிறாய்?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எங்களையும் ட்ரக்கிலதான் ஏத்தினவை. ராக்கெட் விடப்போறம், தலையில விழும் எண்டவை. நோரீன், விழுந்ததோ?"

"இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மேவிஸுக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. நோரீன் முதுகைத் தடவிவிட்டு, என்னை வாகனம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அவளுக்கு இந்தக் கிணத்துத் தண்ணி வேணும். குடிக்கவும் வேணும், தலை கழுவவும் வேணும். வேற ஒண்டும் கேக்கேல்லை. டொக்டர் சொன்ன நாளில அரைவாசி போயிட்டுது. விளங்குதோ?"

விளங்கியது. திரும்பி வருகிற வழியில் இரண்டு தடவை வாகனத்தை நிறுத்தி இறங்கி நின்றேன்.

ஜூலை 17, செவ்வாய்

கிரெய்க்குக்குப் போன் எடுத்தேன். ஒரு பொம்பிளை சாகக் கிடக்கிறா, பம்ப் பட்டறையில் கிடக்கிறது, இரண்டு நாள் வேலை என்றேன்.

"அது இப்ப ஏலத்துக்குப் போற சாமான், குகன். அதைத் தொடாத."

"அங்க சனம் இருக்கு."

"ஆளில்லை எண்டு கடதாசி சொல்லுது. நீயும் கையெழுத்து வைச்ச கடதாசி." பிறகு அன்பாகவே சொன்னான்: "உன்ர விசாக் கடிதம் என்ர மேசையிலதான் இருக்கு. செப்டெம்பரில நான் அதில கையெழுத்து வைக்கவேணும். உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

இப்படிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். ஊரில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் பார்த்திருக்கிறேன். பதிவுக்கு நிற்கும்போது கதிரை தந்து இருத்திவிட்டுப் பேசுவார்கள்.

அந்தப் படிவத்தை நான் வாசித்தேன். எட்டாம் தேதி இங்கே வாசிக்கவில்லை என்று பொய் எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை வாசித்தேன். கொடியில் காய்ந்த உடுப்பைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

ஜூலை 18, புதன்

விடிந்ததும் பம்பை ஏற்றினேன். அறுபத்தைந்து மீட்டர் பொலித்தீன் பைப், வயர், கம்பிக்கயிறு எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டினேன். பட்டறைக் கதவைப் பூட்டவும் இல்லை.

விலுன்யாவில் ரஸ்ஸல் பம்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சாமான் வந்திட்டுதோ" என்றான். நான் ஓம் என்றேன். அவன் கையுறையைப் போட்டுக்கொண்டான்.

மூன்று மீட்டருக்கு ஒருக்கால் வயரைப் பைப்போடு சேர்த்து டேப் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் கிணற்றின் இரும்பில் உரசி வயர் அறும். பெண்கள் பைப்பை மணலில் நீட்டிப் பிடித்தார்கள். மாலைக்குள் பைப்பும் வயரும் தயார். நாளைக்கு இறக்க வேண்டும்.

ஜூலை 19, வியாழன்

காலையில் இறக்கினோம். ரஸ்ஸலும் இன்னும் நாலு பேரும் கம்பிக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அடி அடியாக விட்டோம். நாற்பதாவது மீட்டரில் சிக்கியது.  திருப்பித் தூக்கி, சுழற்றி, மறுபடி விட்டோம். போய்விட்டது.

பதினொன்றரைக்கு ஜெனரேட்டரைப் போட்டேன். முதலில் காற்று வந்தது. பிறகு செங்கல் நிறத்தில் சேறு. கால்மணி நேரம் போனது. பிள்ளைகள் போய்விட்டார்கள், நாய்களும் போய்விட்டன. நோரீன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு நிறம் மெலிந்து மெலிந்து தெளிவாக வந்தது.

நோரீன் ஒரு கேத்தலில் பிடித்துக்கொண்டு போனார். மேவிஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அவளுக்கு இவ்வளவு குடிக்கக் கூடாது என்று தாதி சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். உப்பும் இரும்பும் கலந்த தண்ணீர். நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்காது. மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்" என்றாள்.

பிறகு தலை கழுவினார்கள். அதற்கு நான் நிற்கவில்லை.

ஆறு கிழமை முன்னமே இதைச் செய்திருக்கலாம். கழற்றாமலே இருந்திருக்கலாம். 

ஜூலை 23, திங்கள்

இன்று மத்தியானம் அவள் போய்விட்டாள். எல்லோரும் பக்கத்தில் இருந்தார்களாம். தாதி வந்து சொன்னாள்.

செத்தவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் இவர்களிடம் இல்லை. இனி நானும் அந்தப் பெயரை எழுதமாட்டேன்.

ஜூலை 27, வெள்ளி

கிரெய்க்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆள் வரும் என்று மட்டும் ஒரு செய்தி. ஜெனரேட்டர் வடிகட்டி மாற்றினேன். கடை ஃப்ரிட்ஜ் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, திங்கள்

விலுன்யாவில் அடக்கம். கல்மலைக்கு இந்தப் பக்கம். நாலு இடங்களில் இருந்து சனம் வந்தது. நான் பின்னுக்கு நின்றேன். மண் இறுகிப் போயிருந்ததால் குழிக்கு ரஸ்ஸல் நேற்றே தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்தான். கிணற்றுத் தண்ணீர்.

ஆகஸ்ட் 9, வியாழன்

கிரெய்க்கும் அதிகாரியும் வந்தார்கள். மே மாதம் வந்த அதே அதிகாரி. என்னையும் விலுன்யாவுக்கு வரச்சொன்னார்கள்.

இப்போது அங்கே ஐந்து வீட்டிலும் ஆட்கள். அதிகாரி கையில் அட்டையோடு இறங்கி எண்ணத் தொடங்கினார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். பிறகு கிரெய்க்கைப் பார்த்து, "இவை அடக்கத்துக்கு வந்து நிக்கிறவை. தற்காலிகம் எண்டுதான் போடவேணும்" என்றார்.

நோரீன் வந்து அவருக்கு நேரே நின்றார்.

"மே மாசம் நாங்கள் இழவுக்குப் போனம். ஆளில்லை எண்டு எழுதினாய். இப்ப இழவுக்கு எங்கட வீட்டில நிக்கிறம். இப்பவும் ஆளில்லையோ?"

"விதி அப்பிடி அம்மா. வருசம் முழுக்க—"

"எங்கட ஆக்கள் சாகாமல் இருந்தாத்தான் உன்ர கடதாசியில நாங்கள் இருப்பமோ? எத்தினை நாள் சாகாமல் இருக்கவேணும்? சொல்லு. எல்லாருக்கும் சொல்லி வைக்கிறன்."

அதிகாரியின் முகம் சிவந்துபோனது. "மே மாதம் நான் தனிய முடிவெடுக்கேல்லை. சாட்சி இருக்கு." அட்டையில் இருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். "உங்கட ஆள்தான்."

நோரீன் தாளை வாங்கினார். தூரப்பிடித்து வாசித்தார். என் பெயரை வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாக, முழுக்க வாசித்தார்.

அதுவரைக்கும் எனக்கு வந்த கோபம் எல்லாம் அடுத்தவன் மேல் வந்த கோபம். சுகமான கோபம் அது.

"அந்தக் கையெழுத்துப் பொய்" என்றேன்.

"குகன்" என்றான் கிரெய்க்.

"இவை இஞ்சதான் குடியிருந்தவை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வைச்சனான். பம்பிலயும் பழுதில்லை. கழற்றச் சொன்னது இவர், பழுது எண்டு பொய் சொல்லச் சொன்னதும் இவர். சொன்னது நான்."

அதிகாரியின் பேனையை வாங்கி, அவர் வாகனத்தின் முன்மூடியில் வைத்து, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன். உடுப்புக் கொடி, கோப்பைகள், சுவரில் ஏப்ரல் கோடு எல்லாம் எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அதிகாரி வாங்குவதற்கு முன்னம் ரஸ்ஸல் போனை எடுத்து இரண்டு பக்கமும் படம் பிடித்தான்.

மறுபரிசீலனை செய்யவேண்டும், அதுவரைக்கும் கிணற்றை ஒருவரும் தொடமாட்டார்கள் என்றார் அதிகாரி. எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. கிரெய்க் என்னிடம் கையை நீட்டினான். வாகனச் சாவியைக் கொடுத்தேன். பட்டறைச் சாவியையும் கொடுத்தேன்.

"கடிதத்தை மறந்திடு" என்றான். இந்தமுறை அன்பாகச் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவர்கள் இரண்டு வாகனத்தையும் எடுத்துக்கொண்டு போனபிறகு, நான் என் கருவிப் பெட்டியோடு மணலில் நின்றேன். நோரீன் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

ரஸ்ஸலின் வீட்டு முன்கட்டில் ஒரு போர்வை தந்தார்கள். காலையில் எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. எனக்கு வரவில்லை. குழாயில் போய்க் குடித்தேன்.

மத்தியானம் நோரீன் வந்தார்.

"கையெழுத்து எனக்குப் புதுசில்லை. கடதாசியில பொய் எழுதுறவையை நான் பிறந்த நாளில இருந்து பாக்கிறன். நீ என்ர முகத்தைப் பாத்து அடிலெய்ட் எண்டு சொன்னாய். எத்தினை தரம்?"

"நாலு தரம்."

"அஞ்சு. கடையடியில ஒருக்காச் சொன்னனீ. அவளும் டவுனில இருந்து போன் எடுத்துக் கேக்கேக்க நானும் அதையேதான் சொன்னனான். சாமான் வருதாம், வந்தா நீ வரலாம், பொறு எண்டு. உன்ர பொய்யை என்ர வாயால சொல்ல வைச்சிட்டாய். அவள் பொறுத்தவள்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது உனக்கு. எனக்கு வேண்டாம்."

ஆகஸ்ட் 11, சனி

காலையில் நோரீன் கிணற்றடியில் நின்று கூப்பிட்டார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ரஸ்ஸல் கார் திருத்த வைத்திருக்கும் பழைய வெல்டிங் மெஷினை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். பக்கத்தில் தடித்த இரும்புத் தகடு ஒன்று.

"இதை மூடி ஒட்டு. ஆரும் வந்து கழற்றேலாத மாதிரி."

"ஒட்டினா, பழுதாகேக்க எங்களாலயும் எடுக்கேலாது, நோரீன்."

"பழுதானா நீ வந்து வெட்டு."

"எனக்கு வேலை போயிட்டுது. விசாவும் போகும். நாட்டை விட்டே அனுப்புவாங்கள்."

"பம்ப் எத்தினை வருசம் ஓடும்?"

"நல்லாப் பாத்தா அஞ்சு, ஆறு."

"அப்ப அஞ்சு வருசம் இருக்கு உனக்கு, வழி பாக்க. நீதான் கழற்றினனீ. நீதான் வெட்டவேணும். வேற ஆரையும் நான் தொட விடமாட்டன்."

இது தண்டனையா, வேறென்னவா என்று நான் கேட்கக்கூடிய முகத்தோடு அவர் நிற்கவில்லை. ரஸ்ஸல் வெல்டிங் கண்ணாடியை என்னிடம் நீட்டினான். பைப்புக்கும் வயருக்கும் தகட்டில் ஓட்டை வெட்டி, கிணற்று வாயில் இருத்தி, சுற்றி ஒட்டத் தொடங்கினேன். காற்று மணலை அள்ளி வீசியது. மூன்று பேர் தார்ப்பாயைப் பிடித்து மறைத்தார்கள்.

முடிய மத்தியானம் ஆகிவிட்டது. நோரீன் வந்து காலால் ஓர் உதை விட்டுப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து ஒட்டின இடத்தை விரலால் சுற்றித் தடவினார்.

"இன்னொரு சுத்து" என்றார்.

இன்னொரு சுற்று ஒட்டினேன்.